காலித் துறைமுகத்துக் கடிதம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் விருந்தாளியாக வந்தார். சிறிய பாய்மரப் படகில் தனியாக உலகத்தைச் சுற்றி வருகிறவர். பாய்மரம் முறிந்து, படகு காலித் துறைமுகத்தில் பழுதுபார்ப்பில் இருந்தது. வேலை முடிந்ததும் கடிதம் வரும். உடனே கிளம்ப வேண்டும். மாசி முடிவதற்குள் புறப்பட்டால்தான் வடகிழக்குக் காற்று ஆபிரிக்கா வரை தள்ளிக்கொண்டு போகும் என்றார்.

எங்கள் ஆட்கள் தோட்ட வேலைக்காகக் கூட்டத்தோடு கூட்டமாக, யாரோ ஏற்றிவிட, கடல் கடந்தவர்கள். ஒருவர் தானே விரும்பித் தனியாகக் கடக்கிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. மாலையில் அவர் நடக்க வரும்போது நானும் சேர்ந்துகொள்வேன். தூங்கும்போது படகை யார் பார்ப்பது? இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழும்புவாராம். பேச ஆளில்லாவிட்டால்? சாப்பாட்டு டின்களில் ஒட்டியிருப்பதை உரக்க வாசிப்பாராம்.

தபால் பை சுமந்து வருகிறவர் பங்களாக் குசினியில் சமையல்காரர் சொல்லும் செய்தியும் கொண்டுவருவார்.

"அந்தப் படகுத் தொரை தரையிலதாங்க படுக்குறாரு. கட்டில் ஆட மாட்டேங்குதாம்!"

"நீ போய் ஆட்டிவிடேன்."

"ஆட்டலாங்க ஐயா. தாலாட்டும் பாடுன்னா என்னங்க செய்யிறது?"

பையைத் திறந்து கடிதங்களைப் பிரிப்பது என் வேலை. ஒரு நாள் காலி முத்திரையோடு அந்தக் கடிதம் வந்தது. கொடுத்தால் அவர் போய்விடுவார். எனக்கோ கேட்க இன்னும் எவ்வளவோ இருந்தது. மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டு மூடினேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். ஒன்பது நாளாயிற்று. தினமும் அலுவலகத்துக்கு வந்து கேட்டார். இல்லை என்றேன். மாலையில் கூசாமல் கூட நடந்தேன்.

கடைசியில் கொடுத்தபோது, முத்திரையின் தேதியைப் பார்த்து ஏன் இவ்வளவு தாமதம் என்றார். தபால் பிந்தினால் தோட்டத்தில் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான். அதையே சொன்னேன்: வழியில் மண்சரிவு.

அவர் தினமும் காற்றையும் மழையையும் குறித்துவைக்கிறவர். சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார்.

"மூன்று வாரமாக மழையே இல்லையே. கொழுந்தெல்லாம் பனியில் கருகிக் கிடக்கிறது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். அன்றே கிளம்பிவிட்டார், மாசி முடிய நான்கு நாள்தான் இருந்தது.

அத்தனை கேள்வி கேட்ட எனக்கு, அவர் கரை சேர்ந்தாரா என்று மட்டும் துரையிடம் கேட்கத் துணிவு வரவில்லை. மறு வருடம் துரையும் சீமைக்குப் போய்விட்டார்.