நான்காவது வகைக்கு ஓர் உதாரணம்

பிள்ளையார்பாளையத்தில் லோகாம்பாள் டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ். அவர் வாய் திறந்தால் வகுப்பு கப்சிப். வீட்டில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு. சாவி கணவர் காசிநாதனிடம். தெருப் பெரியவர்களில் அவரும் ஒருவர்.

அறுபத்தெட்டாம் வருஷம் அந்தப் பெரியவர்கள் கூடி ஒரு காரியம் செய்தார்கள். நெசவாளி வீரபத்திரன், தாலி இழந்த மூத்த மகளுக்கு மறுபடி கல்யாணம் செய்துவைத்தார். அது குற்றமாம். அவர் வீட்டுப் பாவுக்கு யாரும் கைகொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாவு என்றால் தறியில் ஏற்றும் நீள இழைகள். விடியலில் அதைத் தெரு நீளத்துக்கு விரித்துப் பிடித்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டியாக வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து நிற்கும். கூலி என்ற பேச்சே எழாது. ஆள் வராவிட்டால் அந்த வீட்டில் பட்டினிதான்.

வீரபத்திரனின் இளைய மகள் மணியம்மாள் லோகாம்பாளின் வகுப்பில்தான் படித்தாள். அந்த மாதம் துணைப்பாட நாவல். கதையில் வரும் போராட்டங்களை டீச்சர் கரும்பலகையில் நான்காகப் பிரித்தார்: மனிதனோடு மனிதன், இயற்கையோடு மனிதன், ஊரோடு மனிதன், தன் மனத்தோடு மனிதன். முதல் மூன்றையும் பிள்ளைகள் டக்டக்கென்று எடுத்துக் கொடுத்தார்கள். ஊரை எதிர்த்து நின்ற கதாநாயகனை டீச்சர் வாயாரப் புகழ்ந்தார். நான்காவதற்கு ஒருத்தியும் எழவில்லை.

"கதையில கிடைக்கலைன்னா நீங்க பார்த்ததைச் சொல்லுங்க."

மணியம்மாள் எழுந்தாள். கையில் கஞ்சி காய்ந்திருந்தது.

"காலையில எங்க பாவு போட்டோம் டீச்சர். அப்பா, அம்மா, நானு, மூணு பேருதான். பிடிக்க ஆளில்லாம தொங்கிக்கினு இருந்துச்சி. எதிர் வூட்டுலருந்து ஒருத்தவங்க படி எறங்கி வந்தாங்க. உள்ளருந்து யாரோ கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க. அப்புறம் உள்ள போயி கதவைச் சாத்திக்கினாங்க. வெயில் வந்து பாவு அறுந்துபோச்சி. அவங்க மனசுல நடந்தது நாலாவது வகைதானே டீச்சர்?"

அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். எதிர்வீடு யாருடையது என்று வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். லோகாம்பாளுக்குக் காது மடல்வரை சுட்டது. ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இல்லம்மா," என்றார். "போராடினாத்தான் போராட்டம். அது வெறும் பயம். உட்காரு."

அன்றெல்லாம் வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அடுத்த பாவுக்கு யார் தடுத்தாலும் போவது என்று முடிவு கட்டி, விடியலில் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். அடுத்த பாவே வரவில்லை. வீரபத்திரன் தறியைப் பிரித்து பக்கத்து ஊரான ஓரிக்கைக்குக் கிளம்பிவிட்டார். அவர் வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. காசிநாதன் கூப்பிடக் கூப்பிட லோகாம்பாள் இறங்கி ஓடினார். தறிக்கட்டையின் ஒரு முனையைத் தூக்கக் குனிந்தார்.

மணியம்மாள் கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"வுடுங்க டீச்சர். இதுக்கு நாங்க மூணு பேரே போதும்."