அமாவாசைக்கு வந்த பதினோரு பேர்

கல்லூரி வருவதற்கு முன்னால் திருவள்ளூரின் அந்தத் தெருவில் மனிதர்களைவிட எருமைகள்தான் அதிகம். புருஷன் போன பிறகு சம்பூர்ணத்துக்கு மிஞ்சியதும் நாலு எருமையும் மகள் ரத்னாவும்தான். அறுபத்தாறில் கல்லூரி வந்தது. வெளியூர்ப் பையன்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். எருமைகளை விற்றாள். கொட்டகையைத் தடுத்து நாலு அறையாக்கி, வெள்ளையடித்து, பதினோரு பையன்களைக் குடிவைத்தாள். சாணி வாடை போக ஒரு வருஷம் ஆயிற்று; வாடகை முதல் மாதமே வந்துவிட்டது. தெருவே அப்படித்தான் மாறியது. ஆள் பெருகியது, காசு புரண்டது, கிணறு மட்டும் அதே ஒரு கிணறு.

எழுபத்தொன்றில் ஜனக் கணக்கெடுக்க ஒருவர் நோட்டும் கையுமாக வந்தார். வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். வரியைக் கூட்டத்தான் வந்திருக்கிறார் என்று தெரு முடிவுகட்டிவிட்டது. நானும் மகளும்தான், வருமானம் என்று ஒன்றுமில்லை என்றாள் சம்பூர்ணம். கொடியிலோ பதினோரு சட்டை காய்கிறது. அவர் அதைப் பார்த்தார்.

"அதுவா சார், அமாவாசைக்கு வந்தவங்க. வீரராகவரைச் சேவிச்சிட்டு, ராத் தங்கிக்கினு போறவங்க."

அந்த ஊரில் அமாவாசைக்கு வருகிறவர்கள் கிடைத்த வீட்டில் படுத்து எழுந்து போவது வழக்கம்தான். ஆனால் அமாவாசை போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. மனிதர் ஊருக்குப் புதுசு. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்துக் கோடையில் கிணறு வற்றியது. பையன்கள் குளிக்காமல் பரீட்சைக்குப் போனார்கள். ஜூனில் வரும்போது தண்ணீர் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மணவாளன் என்கிற பையன் மரியாதையாகவே சொன்னான். அவர்கள் போய்விட்டால் தாயும் மகளும் எதைத் தின்பது? அந்த நேரம் பார்த்துத் தெருவுக்கு ஒரு குழாய் சாங்ஷன் ஆயிற்று. ஒன்றே ஒன்று, எந்தக் கோடியில் ஆள் அதிகமோ அங்கேதான் போடுவார்களாம். கீழண்டைக் கோடியிலிருந்த சம்பூர்ணம், குழாய் போடுகிற ஆபீசுக்கு நடந்தாள். ஓவர்சியர் தேசப்பன் எழுபத்தொன்றில் எடுத்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். மேலண்டைக் கோடியில் ஆதிநாராயணன் வீட்டில் மட்டும் பதினாலு பேர் என்று இருந்தது. அங்கே இருப்பதோ புருஷனும் பெண்டாட்டியும் இரண்டே பேர். பெரிய வீட்டில் இரண்டு பேர் என்று சொன்னால் கௌரவம் என்ன ஆவது என்று, கட்டிக்கொடுத்த மகள்களையும் மருமகன்களையும் பேரப்பிள்ளைகளையும் அவர் சேர்த்து எழுதவைத்திருந்தார்.

"உங்க ஊட்ல ரெண்டே பேரும்மா."

"பதிமூணு பேரு கீறோம் நைனா. வந்து எண்ணிக்கோ."

"அப்போ ஏன் ரெண்டுன்னு சொன்னீங்க?"

"அப்போ வரிக்குப் பயந்தேன். இப்போ தண்ணிக்குப் பயப்படறேன்."

அவர் சிரித்துவிட்டு மனு எழுதிக் கொடுத்தார். அவள் கைநாட்டு வைத்தாள். பதில் பாதி பாதியாக வந்தது. ஆள் கணக்கை அடுத்த கணக்கெடுப்பில்தான் திருத்த முடியுமாம். வாடகை வருமானத்தை உடனே திருத்தலாமாம். திருத்தினார்கள், அந்த அரையாண்டிலேயே வரி ஏறியது.

குழாய் ஆதிநாராயணன் வாசலில் நின்றது. மாடி சும்மாதானே கிடக்கிறது என்று அவரும் யோசித்தார். ஜூனில் பதினோரு பையன்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மாடி ஏறினார்கள். மணவாளன் மட்டும் சம்பூர்ணத்திடம் சொல்லிக்கொண்டு போனான்.

மறுநாள் விடிந்ததும் சம்பூர்ணம் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். ஆதிநாராயணன் பெண்டாட்டி ஜானகியம்மாள் குறுக்கே நின்றாள்.

"எங்கூட்ல இப்போ பதிமூணு பேரு சம்பூர்ணம். எங்களுக்கு ரொப்பின அப்பால நீ புடி."

"புத்தகத்துல உங்கூட்டுக்குப் பதினாலுன்னு எழுதிக்கீது. நானே என் கண்ணால பார்த்தேன். எழுத்து தெரியாட்டியும் ஓவர்சியரு படிச்சிக் காட்னாரு. ஒரு ஆளு கொறையுதே ஜானகி. அந்த ஆளு தண்ணி என்னுது."

சொல்லிவிட்டு ஜானகியம்மாளின் குடத்தைக் காலால் நகர்த்தி, தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.