கவண்கல் போன திசை

ரஷ்யாக்காரர்கள் வானத்தில் செயற்கைச் சந்திரன் விட்ட வருஷம் நான் சாயல்குடியில் விஞ்ஞான வாத்தியாராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தினமும் ஆறு பீரியடு. சாயங்காலம் ஆனால் தொண்டையில் குரல் இருக்காது.

பேப்பரில் வந்த சேதி ஊர்களுக்குள் போய் வேறு உருவம் எடுத்திருந்தது. அந்தச் சந்திரன் ஒருநாள் விழும், நம் கடலோரத்தில்தான் விழும் என்று. வட்டார வளர்ச்சி ஆபீசிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு தாள் வந்தது. விவரம் தெரிந்த ஒருவர் சனி ஞாயிறுகளில் ஊர் ஊராகப் போய் ஜனங்களின் பயத்தைப் போக்க வேண்டும். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு என் மேசையில் வைத்தார்.

"நீங்கதான சயன்ஸு" என்றார்.

மறுக்கத் தெம்பில்லை. சைக்கிளில் ஒரு முழக் கயிறும் ஒரு கல்லும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போன இடமெல்லாம் ஒரே பேச்சு. கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றிக் காட்டுவேன். பூமி உள்ளே இழுக்கிறது, சுற்றுகிற வேகம் வெளியே இழுக்கிறது, இரண்டும் சமமாக இருப்பதால் சந்திரன் விழாது என்பேன். கயிறு அறுந்தால் கல் கையை விட்டு நேர் வெளிப்பக்கமாக ஓடிவிடும் என்பேன். பள்ளிக்கூடத்திலும் ஒன்பது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று ஊர்களில் சொன்னேன். யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

நாலாவது ஊர் கமுதி ரோட்டில் உள்ளே தள்ளி இருந்தது. மார்கழி மாதம். கம்பு பால் பிடித்திருந்த சமயம் என்பதால் பாதிப் பேர் குருவி விரட்டக் காட்டில் இருந்தார்கள். கோயில் மரத்தடியில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"கல்லு அங்கன போகாது சார்."

இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண். காலாண்டுப் பரீட்சையில், கயிறு அறுந்தால் கல் எங்கே போகும் என்ற கேள்விக்கு, வட்டத்தை ஓரமாகத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு கோடு போட்டிருந்தாள். தப்பு என்று சிவப்பு மையால் அடித்தேன். "இல்ல சார், அப்படித்தான் போகும்" என்று மறுத்துப் பேசினாள். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அந்த வருஷத்தோடு அவள் படிப்பு நின்றது. நான் வெளியே நிறுத்தியதால் அல்ல, கல்யாணம் பேசிவிட்டார்கள்.

"எப்படிச் சொல்ற?" என்று கேட்டேன்.

"கவண் எறியிறோம்ல. குருவி எதிர்க்க இருக்குன்னு வைங்க. கல்லு எதிர்க்க வாரப்ப விட்டா குருவி மேல படாது, இடப்பக்கமா எங்கிட்டாச்சும் போயிரும். கல்லு வலப்பக்கம் இருக்கயிலயே விட்டுரணும். அப்பத்தேன் நேரா போகும்."

இரண்டு மூன்று ஆண்கள் தலையாட்டினார்கள். அவள் சொல்வது சரியாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"நீ சொல்றது கவணுக்கும்மா. நான் சொல்றது வானத்துக்கு" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

திரும்பும்போது இரண்டு மைல் தாண்டி சைக்கிளைக் கருவேல மரத்தில் சாய்த்தேன். கயிற்றில் கல்லைச் சுருக்குப் போட்டு, தலைக்கு மேல் சுற்றி விட்டுப் பார்த்தேன். ஒரு பனையைக் குறி வைத்தேன். கல் பனைக்கு நேரே வரும்போது விட்டால் அது இடப்பக்கம் போய் முள்ளில் விழுந்தது. ஏழெட்டுத் தடவை விட்டேன். ஒரு தடவைகூட நான் சொன்ன பக்கம் போகவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் கயிற்றை விட்டுப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியிலிருந்து காலேஜ் புத்தகத்தை எடுத்தேன். சூத்திரத்துக்கு அடியில் நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அதற்கு மேலே இருந்த இரண்டு வரியை மட்டும் படித்திருக்கவில்லை. வெளியே இழுப்பது என்று ஒன்றும் கிடையாது. விட்டால் நேராகப் போய்விடும் பொருளைப் பூமி ஓயாமல் தன் பக்கம் வளைக்கிறது. சந்திரன் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. விழுகிற அளவுக்குப் பூமியும் வளைந்து விலகுவதால் தரை தட்டுவதில்லை. அதைப் படித்தபோது சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். அவள் கம்புக் காட்டில் பரண் மேல் இருந்தாள். பிள்ளை கீழே நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து இறங்கி வந்தாள்.

"நீ சொன்னதுதாம்மா சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அன்னைக்குப் பரீட்சையிலயும் நீ போட்டதுதான் சரி" என்றேன்.

அவள் கவணை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பரீட்சையில என்ன போட்டேன்னு ஞாபகமில்ல சார். வெளிய நிக்க வச்சீகள்ல, அதுதேன் ஞாபகம் இருக்கு. செருப்பில்ல. காலு சுட்டுச்சு."

அவளே பேச்சை மாற்றி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். கலயத்திலிருந்து ஊற்றினாள். குடித்தேன். கிளம்பும்போது, "அப்ப வெளிய இழுக்கிறது எது சார்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, புத்தகத்தில் படித்ததை மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா, அப்படித்தேன் இருக்கணும்" என்றாள். அதற்குள் குருவிக்கூட்டம் இறங்கிவிட்டது. பரணில் ஏறிக்கொண்டாள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். "இன்ஸ்பெக்சன் வருது. இப்ப போய் இதையெல்லாம் கிளறாதீங்க" என்றார். மறுநாளே வகுப்பில் திருத்திச் சொன்னேன். பிள்ளைகள் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மற்ற மூன்று ஊர்களுக்கும் மறுபடி போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. முதல் ஊரில் நாலு பேர் வந்தார்கள். இரண்டாவது ஊரில் ஒரு பெரியவர், "போன தடவ சொன்னதுதேன் நல்லா வெளங்குச்சு" என்றார். கடைசியாக, பொங்கல் கழிந்து மூக்கையூர் போனபோது கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கண்டதும் கேட்டார்.

"விழவே விழாதுன்னீக. விழுந்துருச்சாமே?"

பேப்பரில் வந்திருந்தது உண்மைதான். உயரத்திலும் கொஞ்சம் காற்று உண்டு, அது உரசி உரசி வேகம் குறைந்தது, அதனால் இறங்கி எரிந்துபோயிற்று என்று சொன்னேன். போன தடவை நான் சொன்னது தப்பு என்பதையும் சொன்னேன்.

அவர் வலையிலிருந்து ஒரு நண்டுக்காலைப் பிய்த்து எறிந்தார். "நம்ம பக்கம் விழலேல்ல. அது போதும் சார். வெயில்ல நிக்காதீக, அங்கன உக்காருங்க."

படகு நிழலில் உட்கார்ந்தேன். அவர் ஒரு பையனிடம் கருப்பட்டிக் காப்பி வாங்கிவரச் சொன்னார். அதைக் குடித்துவிட்டு எதிர்காற்றில் சைக்கிளை மிதித்து ஊர் வந்து சேர்ந்தேன். ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய தாளில், நான்கு ஊர்களிலும் விளக்கப்பட்டது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.