கதவு திறந்திருக்கும் நாள்

அசிமினா கடலைப் பார்த்ததில்லை. திரிப்போலிக்கு மேலே உள்ள மலை ஊரில் பள்ளிக்கூடத்துத் தரையைத் தேய்த்தும் பத்து வீட்டுத் துணியை வெளுத்துமே ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் ஊறிய கைகள்தான் மகன் அனார்கிரோஸை வக்கீலாக்கின. அவன் கடற்கரை நகரமான நாஃப்லியோவில் பெரிய இடத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. கல்யாணம் ஏதென்ஸில் அவசரமாக நடந்ததாம். அம்மாவுக்குச் சொல்ல நேரமில்லையாம். அதன்பிறகு வந்த கடிதங்களில் எல்லாம் ஒரே பாட்டு: இப்போது வரவேண்டாம், வீட்டில் வேலை நடக்கிறது. ஒன்பது வருஷமாக வேலை நடக்கிற வீடு கோட்டையைவிடப் பெரிதாக அல்லவா இருக்கவேண்டும்!

அந்த வருஷம் அசிமினாவுக்கு ஒரு யோசனை வந்தது. நவம்பர் முதல் தேதி மகன் பெயர்கொண்ட புனிதரின் நாள், அவனுக்குப் பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. யாரும் யாரையும் தடுப்பதுமில்லை. வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். எதிரி வந்தாலும் இனிப்பு கொடுத்து உட்காரவைக்க வேண்டும்.

"அழைப்பு வேணுமாம் அழைப்பு! அன்னைக்கு என்னை எவன் தடுப்பான்?" என்றாள் காப்பிக்கடையில்.

கடைக்காரன் திராசோஸுக்கு வாய் சும்மா இருக்காது. "போ அக்கா, போ. அப்படியே கடல்ல உப்பு சரியா இருக்கான்னு ஒரு வாய் குடிச்சுப் பாரு. ஆனா சோப்பு வாசத்தைக் கழுவிட்டுப் போ. வேலைக்காரின்னு நினைச்சு பின்வாசலைக் காட்டிடப்போறாங்க."

கடையே சிரித்தது. அசிமினாவும் சிரித்துவைத்தாள்.

ஆனால் அந்தப் பேச்சு உறைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கைக்கு எலுமிச்சைத் தோல் தேய்த்தாள். பாதிரியார் மனைவியிடம் செருப்பு இரவல் வாங்கி, அது கடிக்கக் கடிக்க வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள். எந்த நாற்காலியில் உட்காருவது, இனிப்பைக் கரண்டியிலிருந்து சிந்தாமல் எப்படி எடுப்பது, மருமகளிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது, எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தாள். எழுதத் தெரியாது, வாத்தியாரைக் கொண்டு மகனுக்கு ஒரு அட்டை போட்டாள். வரட்டுமா என்று கேட்கவில்லை. வருகிறேன் என்று சொன்னாள். வாதுமைப் பருப்புப் பலகாரம் ஒரு பெட்டி நிறையச் செய்துவைத்தாள்.

பெயர்நாளுக்கு இரண்டு நாள் முன்பு பஸ்ஸில் வந்த நாஃப்லியோ செய்தித்தாளைத் திராசோஸ் கடையில் விரித்து உரக்க வாசித்தான். "வழக்கறிஞர் அனார்கிரோஸ் இவ்வாண்டு பெயர்நாள் கொண்டாடவில்லை, விருந்தினரை வரவேற்கவும் இல்லை."

வீட்டில் சாவு விழுந்தால்தான் அப்படி அச்சடிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"மாமனார்தான் மண்டையைப் போட்டிருப்பான்," என்றான் திராசோஸ். "கதவைச் சாத்திட்டாங்கல்ல, இனி நீ எங்க போறது? பலகாரத்தை இப்படிக் கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தாள். துக்க வீட்டுக்கு அதை எடுத்துப்போக முடியாதே. சுற்றி நின்று தின்றார்கள், இனிப்பு கொஞ்சம் குறைச்சல் என்று குறையும் சொன்னார்கள்.

"கொண்டாட்டத்துக்குத்தான்டா கதவைச் சாத்துவாங்க," என்றாள் அவள். "துக்கம் கேட்க வர்றவளை எவன் தடுப்பான்?"

சொல்வதற்கே வெட்கம், அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. யாரோ செத்ததில் அவளுக்கு ஒரு வாசல் கிடைத்தது. மறுநாள் கோதுமையை வேகவைத்து, மாதுளையும் சர்க்கரையும் கலந்து, செத்தவர் ஆன்மாவுக்காகத் தின்னும் கொலிவா செய்தாள். இரவல் செருப்போடு ஒரு கறுப்பு முக்காடும் வாங்கிக்கொண்டாள்.

பஸ் மலையிலிருந்து இறங்கியபோது கடல் தெரிந்தது. மடியில் கிண்ணம் சாயாமல் பிடிக்கிற கவலையில் அவள் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தவள் கறுப்பு உடுத்திய இளம்பெண். மகன் எப்போதோ அனுப்பிய படத்தில் பார்த்த முகம்தான், மருமகள் லூக்கியா. முக்காட்டையும் கிண்ணத்தையும் பார்த்ததுமே அவள் கண் கலங்கிவிட்டது.

"உள்ள வாங்கம்மா. அவரோட ஊரா? அவ்வளவு தூரத்திலேர்ந்தா வந்தீங்க?"

"ஆமாம்மா," என்றாள் அசிமினா. பெயர் சொல்ல வாயெடுப்பதற்குள் லூக்கியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மாமியாரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. போன வாரம்தான் சேதி வந்துச்சு. இவர் மட்டும் போய் அடக்கம் பண்ணிட்டு வந்தார். நீங்க அவங்களைப் பார்த்திருக்கீங்களா?"

அசிமினாவுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒத்திகை பார்த்த நாற்காலியில் இல்லை, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பார்த்திருக்கேன்."

"எப்படிப்பட்டவங்க?"

"துணி வெளுக்கிறவ. வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. மகன்னா உசிரு."

லூக்கியா விம்மினாள். உள்ளே திரும்பி, "அனார்கிரோஸ்! அம்மா ஊர்லேர்ந்து ஒருத்தங்க கொலிவா கொண்டுவந்திருக்காங்க!" என்று கூப்பிட்டாள்.

அவன் வந்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வார்த்தை, 'அம்மா' என்ற ஒரே வார்த்தை வந்திருந்தால் போதும், அவள் எல்லாவற்றையும் மறந்திருப்பாள். அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

அசிமினா எழுந்து ஒரு கரண்டி கோதுமையை அள்ளி அவனிடம் நீட்டினாள். சோப்பில் வெளிறி வெடித்த விரல்கள். எலுமிச்சைக்கு அதெல்லாம் போகிற கறையா?

அவன் வாங்கித் தின்றான். மென்று விழுங்கிவிட்டு, தின்றவர் செத்தவருக்காகச் சொல்லவேண்டியதைச் சொன்னான். "கடவுள் அவளை மன்னிக்கட்டும்."

குரல் நடுங்கவே இல்லை. அசிமினாவால் தாங்கமுடியாமல் போனது அதுதான்.