எரிசாராயத்தில் மணப்பாடு போகப் பார்த்தோம்

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. 1975, சித்திரை மாதம். பெட்ரோல் விலை லிட்டருக்கு மூன்று ரூபாயைத் தாண்டிப் போய், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லாம் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த காலம். புதுப்பெண்ணைத் தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் கூட்டிப்போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் நான் புடவையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள்தான் விஷயம் வெளியே வந்தது. போகப்போவது பெட்ரோலில் அல்ல, எரிசாராயத்தில்.

அவர் பெயர் அந்தோணி. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். சர்க்கரை ஆலையில் மீந்துபோகும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் எரிசாராயம் கிடைக்கும், அதை ஊற்றினால் வண்டி புகையே இல்லாமல் ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் கார்புரேட்டர் ஜெட்டை அகலப்படுத்தி ஓட்டியும் பார்த்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை கல்லூரிக் குழுவின் முன்னால் அறிக்கை வைக்க வேண்டும். அவர்கள் சரி என்றால் ஆராய்ச்சிக்கு ஒரு தனி அறையும் ஐந்நூறு ரூபாயும் கிடைக்கும். அதற்காக ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் நூற்றெண்பது கிலோமீட்டர் ஓடிக் காட்டுவதாகச் சவால் விட்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பின்னால் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டு வருவது என் வேலை. தேனிலவுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போனவள் இந்தச் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. டாங்கில் ஐந்து லிட்டர், பின்னால் கட்டிய தகர கேனில் ஏழு லிட்டர். குளிர்ந்த என்ஜின் சாராயத்தில் லேசில் கிளம்பாது. கார்புரேட்டரில் துணியைச் சுற்றி ஒரு செம்பு வெந்நீர் ஊற்றினோம், பதினோராவது உதையில் பிடித்தது. வல்லநாட்டில் மதுவிலக்குக் காவலர் கையைக் காட்டினார். அவருக்கு வாசனை பத்தடி தூரத்திலேயே போய்விட்டது. ஆலையின் ரசீது, கல்லூரியின் அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டு, குடித்திருப்பது வண்டியா ஓட்டுகிறவரா என்று என்னிடம் கேட்டார். வண்டிதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் விட்டுவிட்டார்.

ஐம்பது கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் போயிருந்தது. பெட்ரோலென்றால் இரண்டு லிட்டர்கூட ஆகாது. இதை நான் நோட்டில் எழுதியபோது அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் புகைபோக்கிக்கு நேரே பிடித்த வெள்ளைக் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதைத் தூத்துக்குடிக் கடற்கரையில் தோணிக்காரர்களிடமெல்லாம் விரித்துக் காட்டினார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த, தோணி ஓட்டும் தண்டல் ஒருவர், தன்னுடைய பாயும் வெள்ளைதான், காற்றுக்குப் புகையே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பனிமய மாதா கோயில் பக்கம் என் ரோசாலி மாமி வீடு. அன்று அங்கே தங்கினோம். சீலா மீன் குழம்பு, மக்ரூன், பாட்டு, அரட்டை. இவர் மட்டும் மணிக்கொரு தரம் வெளியே போய் கேனைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு வருவார், ஆவியாகிப் போய்விடுகிறதோ என்ற கவலை. மாமி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு எங்களை அனுப்பிவிட்டு, இரண்டாம் பூசைக்குத் தான் போவதாகச் சொன்னாள்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். தெற்கே போகிற சாலை எனக்கு எப்போதும் பிடித்தது. இடது பக்கம் உப்பளம், பாத்தி பாத்தியாக வானம் கிடக்கும். இருபதாவது கிலோமீட்டரில் பழையகாயல். டீ குடித்துவிட்டு, கேனில் இருந்ததை முழுவதும் டாங்கில் ஊற்றினார். ஊரைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு போய் ஒரு பனைவிளைக்குள் நிறுத்தினோம். பதநீர் காய்ச்சும் விடிலி ஒன்று அங்கே இருந்தது, ஓலைக் கொட்டகைதான். செல்லக்கனி என்ற அம்மாள் பெரிய கொப்பரையில் கருப்பட்டிக்குக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பத்துப் பைசாவுக்கு, பனையோலையில் மடித்த ஒரு பட்டை நிறைய பதநீர் தந்தார். இவர் பிளக்கைக் கழற்றினார், ஜெட்டை ஊதினார், மறுபடி மாட்டினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அடுப்புப் புகையில் எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அந்தப் புகழ்பெற்ற கைக்குட்டையால் நான் முகத்தைத் துடைத்தேன், கரியாக வந்தது.

அப்போது பதநீர் குடிக்க வந்த உப்பு லாரி டிரைவர், வண்டியில் என்ன ஊற்றியிருக்கிறது என்று விசாரித்தார். சொன்னோம். கேனின் அடியில் ஒட்டியிருந்ததில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"தம்பி, இதுல பாதிக்கு மேல தண்ணில்லா இருக்கு. இப்படி வித்தா குடிக்கவனே சண்டைக்கு வருவான்."

இவருக்கு நம்ப முடியவில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் அடியில் தனியாக நிற்கும், கண்ணுக்குத் தெரியும். சாராயத்தில் சேர்ந்தால் ஒன்றுக்குள் ஒன்றாகிவிடும், நாக்குதான் சொல்ல வேண்டும். எப்படி வந்தது தண்ணீர்? தெரியவில்லை. மறுபடி காய்ச்சி வடித்தால்தான் பிரியும். கொப்பரையைக் கொஞ்சம் தருவீர்களா என்று செல்லக்கனி அம்மாளிடம் கேட்டார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் அகப்பை கை நழுவியது. போலீஸ்காரன் வந்தால் கருப்பட்டியைத் தூக்க மாட்டான், என்னைத்தான் தூக்குவான் என்றார். பிறகு, அப்படியே காய்ச்சினாலும் விறகுக்கு எங்கே போவது என்று கேட்டார்.

"அங்கன பாருங்க. நான் கல்யாணமாகி வந்தப்ப அந்த ஓடை வரைக்கும் உடைமரந்தான். பூராம் இந்த அடுப்புக்குள்ளதான் போயிருக்கு."

பார்த்தோம். ஓடை வரைக்கும் வெறும் செம்மண். நான் வழக்கம்போலக் கணக்குக் கேட்டேன்: ஆலையில் இந்தச் சாராயத்தை எதைக் கொளுத்திக் காய்ச்சினார்கள்? இவர் பிளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, சாராயம் வாங்கப் போன அன்று ஆலை வாசலில் மதில் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டு எழுதவில்லை என்றார். பயணம் தொடங்கியதிலிருந்து அவர் இவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

ஆத்தூர் பங்கில் பெட்ரோல் வாங்கி வந்து தருவதாக டிரைவர் சொன்னார். இந்த இடத்தில் என்னைப் பற்றி நான் பெருமையாக எழுத ஆசைதான், ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். டாங்கைக் கவிழ்த்துவிட்டுப் பெட்ரோலை ஊற்றுங்கள், மணப்பாட்டைப் பார்த்துவிட்டுப் போவோம், நோட்டில் எழுதுவது நான்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அறையும் ஐந்நூறு ரூபாயும் அவருக்குக் கிடைக்க வேண்டுமென்று எனக்கு அவ்வளவு ஆசை.

"வேண்டாம்ளா" என்றார். "எழுபது கிலோமீட்டர், நின்னு போச்சு. அப்படியே எழுது."

வண்டியை லாரியில் ஏற்றி, உப்பு மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து தூத்துக்குடிக்கே திரும்பினோம். அந்த ஒரு மணி நேரத்தை நான் எந்த மணப்பாட்டுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கடற்காற்று, காலுக்கடியில் நறநறக்கும் உப்பு, எதற்கென்றே தெரியாமல் இரண்டு பேருக்கும் சிரிப்பு. வீட்டு வாசலில் எங்களைக் கண்டதும் மாமி வெலவெலத்துப் போனாள். என்னைத் தனியே உள்ளே இழுத்துப் போனாள்.

"ஏளா, மாப்பிள்ளை குடிக்காவன்னு நெனச்சுத்தான் பாதியக் கொட்டிட்டுத் தண்ணிய ஊத்துனேன். பூராத்தையும் கொட்டுனா கோவப்படுவாவ. கொஞ்சங் கொஞ்சமாக் கொறையட்டும்னு பாத்தேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுவிட்டது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமி அழுதாள், பிறகு அவளும் சிரித்தாள், பிறகு எங்களுக்கு மறுபடி மீன் குழம்பு. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மூன்றரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பினோம், ஆளுக்கு இரண்டே கால் ரூபாய்.

அந்த வழியாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சித்திரை, வைகாசியில் போங்கள், பதநீர் நன்றாக இருக்கும். காலை பத்து மணிக்குள் குடித்துவிட வேண்டும். வெயிலில் உப்பளம் கண்ணைப் பறிக்கும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பழையகாயலில் டீ குடிக்க நில்லுங்கள். இப்போது எந்தப் பங்கில் நிறுத்தினாலும் பெட்ரோலிலேயே எத்தனால் கலந்துதான் வருகிறது, உங்களுக்கு எங்கள் பாடு கிடையாது. தண்ணீர் புகாமல் டாங்கு மூடியை மட்டும் இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை குழுவின் முன்னால் அவர் அந்த நோட்டை அப்படியே வைத்தார். 'புகையே இல்லாத எரிபொருள்' என்று முன்பே எழுதி வைத்திருந்த வரியை அடித்துவிட்டு, வண்டியில் புகை இல்லை, ஆலையில் உண்டு, அதை நான் அளக்கவில்லை என்று எழுதியிருந்தார். இது பெட்ரோலைவிட நல்லதா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கல்லூரி முதல்வர் கேட்டாராம். காய்ச்சுகிற அடுப்பைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று இவர் சொன்னாராம். பணம் கிடைக்கவில்லை, அறை மட்டும் கிடைத்தது. சாயங்காலம் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இதையெல்லாம் சொன்னார், தோற்றுப்போன முகத்தோடு. வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம் எங்களுடையது. இந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அந்த வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.