ஆயுதபூஜையன்று நின்ற பம்ப்

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் தெருவில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால், "வெளிச்சத்தை அளக்கிறேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். முழுக்கச் சொன்னால் கேட்டவர்கள் ஓடிவிடுவார்கள். மூன்றே அணு கனமுள்ள ஒரு குறைக்கடத்திப் படலம். அதன் மேல் வெளிச்சம் பட்டால் அதில் ஓடும் மின்சாரம் கூடும். எவ்வளவு மங்கலான வெளிச்சம் வரைக்கும் அது உணர்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

படிகத்தை டேப்பில் ஒட்டி ஒட்டி உரித்தால் எப்போதாவது ஒரு படலம் தேறும். மாதக்கணக்கில் உரித்ததில் எனக்கு உருப்படியாக வாய்த்தது ஒன்றே ஒன்று. அதை வைத்து ஒரு டிவைஸ் செய்து எழுதிய கட்டுரைக்கு ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. எல்லாம் சரி, இதே டிவைஸை இன்னும் மங்கலான ஒளியில் அளந்து காட்டுங்கள் என்று. காட்டினால்தான் கட்டுரை, கட்டுரை வந்தால்தான் என் ஆய்வேடு. ஈரக்காற்று பட்டால் படலம் கெட்டுவிடும், கடலோர ஊரில் ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும்? ஆகவே அதை ஒரு சின்ன எஃகுக் கூட்டில் வைத்து, காற்றை உறிஞ்சும் பம்பை நிறுத்தாமல் ஓடவிட்டு, கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தேன்.

நடுவில் ஆயுதபூஜை வந்தது. பொரி, பூ, பூசணிக்காய் வாங்கிவரச் சொல்லி, என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு சார் என்னைக் காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்பினார். கூட்டம் சொல்லி மாளாது. பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு அலைந்து லேபுக்கு வந்தால், உள்ளே ஒரே அமைதி. ஓயாமல் கத்தும் அந்தப் பம்ப் கத்தவில்லை. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலைக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"எங்கப்பா மில்லுல இருந்தவரும்மா. இன்னைக்கு ஒரு நாளு மெஷினு ஓடக் கூடாதும்பாரு. அதான் எல்லாத்தயும் ஆஃப் பண்ணிட்டேன்" என்றார் சார். "உன் டிவைஸுக்குன்னு தனியா வேண்டிக்கிட்டேன்."

அந்தப் பழைய பம்பை நிறுத்துவதற்கு முன்னால் கூட்டுக்குப் போகும் வால்வைக் கையால் மூட வேண்டும். மூடாவிட்டால் பம்பிலிருக்கும் எண்ணெய் கூட்டுக்குள் ஏறிப் படலத்தைக் கெடுத்துவிடும். தினமும் அதோடு மல்லுக்கட்டும் எங்களுக்கு இது கைப்பழக்கம். சார் பம்பைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. கத்த வேண்டும் போல இருந்தது. கைடிடம் கத்த முடியுமா? அதுவும் எனக்காக வேண்டிக்கொண்ட மனிதரிடம்? "சரிங்க சார்" என்றேன். துணியை விலக்கிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. அவர் கற்பூரம் காட்டினார், கும்பிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், இன்றைக்கே அளந்துவிடலாம் என்று சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துணியை எடுத்தேன். கூட்டின் கண்ணாடியில் உள்பக்கமாக எண்ணெய் படிந்திருந்தது. பேசாமல் பம்பைப் போட்டு, விளக்கை மிக மங்கலாக வைத்தேன். திரையில் மின்சாரத்தைக் காட்டும் கோடு அசையவில்லை.

"கொஞ்சம் கூட்டிப் பாரும்மா."

கூட்டினேன். அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம்."

கூட்டிக்கொண்டே போனேன். அதற்கும் அசையவில்லை. "பழைய டிவைஸுதானே சார், அதுவே போயிருக்கும்" என்று முனகினேன்.

"முந்தாநாளு வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றவர், எழுந்து வந்து குனிந்து அந்தக் கண்ணாடியையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மொதல்ல வால்வ மூடிட்டு நிறுத்தணுமாம்மா?"

"ஆமாங்க சார்."

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்காகவா அவருக்காகவா என்று இன்றைக்கும் தெரியாது.

"இன்னும் கொஞ்சம் கூட்டும்மா" என்றார்.

விளக்கு ஏற்கெனவே முழுசாக எரிந்துகொண்டிருந்தது.