தவறணையை மூடினார்கள், செல்வம் அண்ணனும் போய்விட்டார்

செல்வம் அண்ணன் போய்விட்டார். நேற்று கேள்விப்பட்டு ஓடினேன்... இன்று பின்னேரம் அடக்கமும் முடிந்தது. கசிப்பு, அந்தக் கள்ளச்சாராயம்தான்.

கண்டி ஹந்தானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னோடு செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். என் கத்தியையும் அவர்தான் தீட்டித் தருவார். நான் தீட்டினால் செடிக்கு வலிக்குமாம்.

அப்போது அவர் குடிப்பதில்லை. சம்பள நாளில் மகளுக்கு கேக் வாங்கி, நசுங்காமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

பிறகு அந்த மண்சரிவு. நாங்கள் குடியிருந்த லயத்தின் கடைசிக் காம்பரா வீடுகள் மண்ணுக்குள் போயின. அண்ணியும் மகளும் உள்ளே...

அதே சரிவுக்குக் கீழே அவருக்கு ஒரு தகரக் கொட்டில் கொடுத்தார்கள். டெம்பரரியாம். கடைசிவரை டெம்பரரிதான்.

ஏன் அண்ணே இப்படிக் குடிக்கிறீங்க என்று ஒருநாள் கேட்டேன்.

"மழை பேஞ்சா தகரத்துல சத்தம் கேக்குது தம்பி. குடிச்சிட்டா கேக்காது."

அதைக் கேட்க நமது மது ஒழிப்புக் கமிட்டிக்கு நேரமில்லை. பேனர் அடிக்க நேரமிருந்தது. தவறணைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அந்தச் சாராயக் கடை முன்னால் நின்று செல்ஃபி எடுக்கவும் நேரமிருந்தது. லைக் குவிந்தது.

வேறு இடத்தில் வீடு கேட்டு அண்ணன் கமிட்டித் தலைவரிடம் போனார். முதலில் குடியை விடு, பிறகு பார்க்கலாம் என்றார்களாம் அந்தப் பெரிய மனிதர்கள். மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டி சத்தியமும் வாங்கினார்கள்.

அடுத்த மழை வரைக்கும் அண்ணன் சத்தியத்தைக் காப்பாற்றினார். தவறணை மூடியிருந்தது. தேயிலைச் செடிகளுக்குள்ளே கசிப்பு இருந்தது.

இன்று தலைவர் மாலையோடு வந்தார். மதுவின் கேடு பற்றி நாலு வார்த்தை பேசினார், போட்டோ எடுத்தார்கள். பிறகு குழி வெட்டுபவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சாராயம் எங்கே என்று தேடினார். தோட்டத்தில்தான் இல்லையே...

"அது இல்லாம எப்படி? மொறைன்னு ஒன்னு இருக்குல்ல. கண்டிக்கு த்ரீவீல் அனுப்புங்க."

சொன்னது மது ஒழிப்புக் கமிட்டித் தலைவர். வெட்கமே இல்லை. போத்தலும் வந்தது.

போய் வாருங்கள் அண்ணே... உங்களை மேட்டுப் பக்கம்தான் வைத்திருக்கிறோம். மண் சரியாத நல்ல இடமாம். தலைவரே பார்த்துக் கொடுத்தார்.